பழைய படச்சுருள், வீடியோ கேசட், இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஒலிநாடாக்களையும் வீடியோ கேசட்டுகளையும் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. எப்போதாவது படச்சுருளும் வரும். வருகிறவர்கள் கேட்பதில் பாதி "இதைக் காப்பாற்ற முடியுமா" என்பது. மீதிப் பாதி "எவ்வளவு ஆகும்" என்பது. இரண்டாவதற்கு இங்கே பதில் கிடையாது. முதலாவதற்குப் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்துபோன பதில்களைக் கேள்வி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்டையும் தேசியக் காப்பகத்துப் படப்பெட்டியையும் கெடுப்பது ஒரே வெயிலும் ஒரே ஈரமும்தான் என்பதால் இரண்டையும் கலந்தே பேசியிருக்கிறேன்.

தமிழின் முதல் பேசும் படத்தை எங்கே பார்க்கலாம்?

எங்கும் பார்க்க முடியாது. எச்.எம்.ரெட்டி இயக்கி, டி.பி.ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், அதுவும் போய்விட்டது. 1931இல் பம்பாயில் வெளியான இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வுக்கும் அதே கதி. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300க்கு மேல். முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதை ஒட்டித்தான்.

எஞ்சியவற்றில் ஒன்றின் கதை விசித்திரமானது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் 1933இல் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டதாக நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டார். சில காட்சிகள் திரையிட்டதோடு படம் நின்றுபோனது. பிரதி பதிப்பாளர் வசமே பல பத்தாண்டுகள் கிடந்து, 1970களில் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றாக ஓடியிருந்தால் ஊர் ஊராகப் போய்க் கிழிந்திருக்கும். வழக்கில் மாட்டிக்கொண்டதால் பிழைத்தது.

அப்படி எப்படி ஒட்டுமொத்தமாகத் தொலைத்தோம்?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. ஓடி முடிந்த படத்தின் சுருளைக் கழுவினால் அந்த வெள்ளி கையில் கிடைக்கும். மீதமுள்ள செல்லுலாய்டு வளையலாகும். தயாரிப்பாளருக்குக் கடன், விநியோகஸ்தருக்கு இடநெருக்கடி. எடைக்கு வாங்க ஆள் வாசலில் நிற்கும்போது, டிவியும் கேசட்டும் இல்லாத காலத்தில், ஓடி முடிந்த படத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது, படச்சுருளைக் கழுவிப் பிரதி போடும் லேப். அந்தக் காலத்தில் நெகட்டிவ் பெரும்பாலும் லேபிலேயே இருக்கும். படம் தோற்றால் தயாரிப்பாளர் லேப் பக்கமே வரமாட்டார். நெகட்டிவ் உரிமை கடன் கொடுத்தவர் கைக்கும், அவரிடமிருந்து இன்னொருவர் கைக்கும் மாறும். காகிதத்தில் உரிமை பயணம் செய்துகொண்டிருக்க, பெட்டி மட்டும் அதே அறையில் அதே வெப்பத்தில் கிடக்கும். இதில் இன்னொரு சிக்கல்: படத்துக்கு ஒரு நெகட்டிவ், ஒலிக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகள். ஒன்று தொலைந்தால் வாய் அசையும், பேச்சு வராது.

வெற்றிப் படங்களுக்கு வேறு வகைச் சாவு. திரையரங்குப் பிரதிகளைப் பல சமயம் மூல நெகட்டிவிலிருந்தே நேராக எடுத்தார்கள். பிரதி கூடக் கூட நெகட்டிவில் கீறலும் ஒட்டும் கூடும். ஊரே கொண்டாடிய படத்தின் நெகட்டிவ் கந்தலாகவும், ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போன படத்தின் நெகட்டிவ் பளிச்சென்றும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

தீயையும் மறக்கக் கூடாது. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்துக் காப்பகத்தின் பழைய சுருள்கள் எரிந்துபோயின. இலங்கையில் 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான ஹெந்தலை விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தியபோது எரிந்தவற்றில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் இருந்தன.

எங்கள் பழைய தியேட்டரில் படப்பெட்டிகள் சில இருக்கின்றன. அவை தீப்பிடிக்குமா?

ஆண்டைப் பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சுருளுக்கு செல்லுலோஸ் நைட்ரேட்தான் அடிப்படை. அது பிடித்துக்கொண்டால் தண்ணீரும் மணலும் பயன்படாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பின் வந்த சுருள்களின் ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் நைட்ரேட்டிலிருந்து படியெடுக்கும்போது அந்த ஓர எழுத்தும் சேர்ந்து படியாகலாம், இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனையை யாராவது சொல்லிக்கொடுத்தால் அவரைத் தள்ளி வையுங்கள்.

நைட்ரேட் கெட்டால் முதலில் படம் மங்கிப் பழுப்பாகும். பிறகு பிசுபிசுக்கும், தேன்போல் கசியும், கட்டியாக இறுகும், கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும். பொடிக் கட்டத்துக்கு வந்துவிட்ட பெட்டியைத் திறக்காமல், வெயில் படாத இடத்தில், வீட்டுக்கும் மின்சாரத்துக்கும் தள்ளி வைத்துவிட்டுக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். வீடுகளில் இருக்கும் 8 மி.மீ., 16 மி.மீ. சுருள்கள் அநேகமாக நைட்ரேட் அல்ல. அவற்றுக்கு வேறு வியாதி.

பெட்டியைத் திறந்தால் ஊறுகாய்க் கடைபோல் புளிப்பு வாடை அடிக்கிறதே?

அதுதான் அந்த வியாதி. வினிகர் நோய் என்பார்கள். நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிட்டேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். அதாவது உண்மையிலேயே வினிகர்தான். கக்கிய அமிலம் சுருளை மேலும் அரிக்கும். அரிக்க அரிக்க இன்னும் அமிலம் வரும். மூடிய தகரப் பெட்டிக்குள் இது தனக்குத் தானே வேகம் பிடித்துக்கொள்ளும். சுருள் சுருங்கும், ஓரம் அலையலையாக நெளியும், உருவத்தைத் தாங்கும் படலம் உரியும். ஓரத் துளைகள் இயந்திரப் பற்களில் பொருந்தாமல் போகும்.

புதிய அசிட்டேட் சுருளை 21 செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் வாடை தொடங்கவே சுமார் 40 ஆண்டு ஆகும் என்பது ஆய்வகக் கணக்கு. நம் கடற்கரை ஊர்களில் ஓட்டுக்கூரைக்கு அடியில், மே மாத வெயிலில், ஐப்பசி ஈரத்தில் கிடந்த பெட்டிக்கு இந்தக் கணக்கில் பாதிகூடக் கிடைக்காது.

வந்த நோய் திரும்பாது. செய்யக்கூடியவை: நோய் பிடித்த சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், ஏனென்றால் அமில ஆவி பக்கத்துப் பெட்டியையும் தொடும். துருப்பிடித்த தகரப் பெட்டியை மாற்றிக் காற்று போய்வரும் பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். குளிர்ந்த இடம் தேடுங்கள். சீக்கிரம் படியெடுங்கள். காப்பகங்களில் பெட்டிக்குள் நீலத் தாள் துண்டு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். அமிலம் கூடினால் அது பச்சையாகி, பின் மஞ்சளாகும். எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். மூக்கை வைத்துச் சோதிப்பதைவிட அது நல்லது, அந்த ஆவி உடம்புக்கு ஆகாது.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

படச்சுருளை வைக்கலாம், முறையாகச் செய்தால். உலர்ந்த சுருளைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, அதை இன்னோர் உறையில் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த சுருளின் மேல் வியர்த்துவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் நைட்ரேட் சுருள்களை வைத்திருப்பதும் சுமார் 4 செல்சியஸ் குளிரில்தான். ஆனால் காந்த நாடாவை, அதாவது ஆடியோ, வீடியோ கேசட்டை, ஃபிரீசரில் வைக்கவே கூடாது. நாடாவில் உள்ள வழவழப்புப் பொருள் பிரிந்து வெளியே வந்துவிடும்.

மாவு அரைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் படச்சுருள் இருப்பதை வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பது தனிக் கேள்வி.

70களின் கலர்ப் படம் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது. எடுக்கும்போதே அப்படியா?

இல்லை. வண்ணச் சுருளில் மூன்று சாயங்கள். 1980களின் தொடக்கம் வரை வந்த பிரதிச் சுருள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தால்கூட முதலில் வெளுக்கும். மிச்சம் நிற்பது இளஞ்சிவப்பு. தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) போன்ற, கேவாகலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்த படங்களிலும் நாம் இன்று பார்க்கும் நிறத்தை அன்றைய நிறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேன் செய்தபின் கணினியில் ஓரளவு திருப்பலாம். முற்றிலும் வெளுத்த சாயத்தை ஊகிக்கத்தான் முடியும். இந்த விஷயத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கொடுத்து வைத்தவை. வெள்ளி அவ்வளவு சுலபத்தில் மங்காது.

கல்யாண வீடியோ கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. ஒரு தடவை டெக்கில் போட்டுப் பார்த்துவிடட்டுமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகவே இத்தனையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், நாடா கிழியும், அடுத்து அதே டெக்கில் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். முதலில் கேசட்டைத் தனி உறையில் போட்டுப் பிரித்து வையுங்கள். ஈரமில்லாத அறையில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் விட்டால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா அப்பளமல்ல. காய்ந்தபின் கேசட்டைப் பிரித்து, முகமூடி போட்டுக்கொண்டு, மென்மையான துணியால் துடைத்து, நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றிப் படியெடுப்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. நானே ஆரம்பத்தில் பொறுமையில்லாமல் ஒரு கேசட்டை ஓட்டினேன். நாதஸ்வரம் ஒலிக்கத் தொடங்கிய இடத்தில் நாடா சிக்கிக்கொண்டது. தாலி கட்டும் காட்சியில் இருபது நொடி அந்தக் குடும்பத்துக்கு இனி இல்லை. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பூஞ்சை இல்லாத கேசட்டாக இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். நாடா கெடுவதற்கு முன்னால் அதை ஓட்டும் இயந்திரம் மறைந்துவிடும். வி.எச்.எஸ். 1976இல் வந்தது, அந்த வகை டெக்கைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பான் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. இப்போது நாங்கள் ஒரு டெக்கை ஓடவைக்க இரண்டு டெக்கைப் பிரிக்கிறோம். ரப்பர் உருளை, பெல்ட், ஹெட் எல்லாம் செத்த டெக்கிலிருந்து எடுத்ததுதான். பழுது பார்த்தவர்களும் செல்போன் கடைக்கோ ஓய்வுக்கோ போய்விட்டார்கள். யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமும் காந்த நாடாக்களுக்கென்று 2019இல் தனி எச்சரிக்கையே விடுத்தன. அவர்கள் பயந்ததும் இதே இயந்திரப் பஞ்சத்துக்குத்தான். படச்சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணுக்கே உருவம் தெரியும். வீடியோ நாடாவை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் பழுப்புப் பட்டைதான். வீட்டில் இரண்டும் இருந்தால் முதலில் வீடியோவை எடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவாகாது. பாட்டியின் ஒப்பாரியின் மேல் கிரிக்கெட் வர்ணனை ஏறிய கேசட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பூல் டேப் ஓடும்போது கீச்சிட்டு நின்றுவிடுகிறது. கேசட்டில் குரல் மங்கலாக இருக்கிறது. டேப் போய்விட்டதா?

இரண்டும் வேறு வேறு. 1970, 80களில் வந்த சில வகை ஸ்பூல் நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். ஓட்டினால் பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டும். துகள் உரிந்து வந்தால் ஒலியே உரிந்து வந்ததாக அர்த்தம். இதற்கு வைத்தியம் கேட்டால் சிரிப்பீர்கள்: நாடாவை மிதமான சூட்டில், 50 செல்சியஸை ஒட்டி, பல மணி நேரம் வாட்டி எடுப்பது. கட்டுப்பாடுள்ள சூட்டுப் பெட்டியில்தான் செய்ய வேண்டும். சில வாரங்களுக்கு நாடா ஓடும், அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். எல்லா நாடாவுக்கும் இது பொருந்தாது. அசிட்டேட் நாடாவை வாட்டினால் அதோடு முடிந்தது.

குரல் மங்குவது பெரும்பாலும் ஹெட் கோணத்தின் கோளாறு. பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், ஒலிக்கச் செய்யும் ஹெட்டும் அதே சாய்வில் இருந்தால்தான் தெளிவு வரும். டேப் ரெக்கார்டரில் சின்ன ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பாட்டைத் தெளிவாக்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படியெடுக்கிறவர் ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த ஸ்க்ரூவைத் தொடுகிறாரா என்று கேளுங்கள். தொடமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தாத்தாவின் கிராமபோன் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளக்குமா?

பளபளப்பதற்குள் கரைந்துவிடும். 78 சுற்றுத் தட்டுகளில் பிணைப்புப் பொருள் அரக்கு. தச்சர்கள் மர பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைப்பார்களே, அதே அரக்குதான். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, வரிப்பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய தூரிகை, நடு லேபிள் நனையாமல் கழுவி, நிறுத்திக் காயவைத்தால் போதும். அடுக்கி வைப்பதும் நிமிர்த்தித்தான். படுக்க வைத்தால் அடித் தட்டு பிளக்கும்.

முள்ளும் முக்கியம். எல்.பி. தட்டுக்கான முள் 78இன் அகலமான பள்ளத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். அடியில் உள்ள குப்பையை மட்டும் உழுதுகொண்டு போகும். அதைவிட முக்கியம் வேகம். 78 என்று எழுதியிருந்தாலும் பழைய தட்டுகள் பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 78இல் ஓட வேண்டியதை 82½இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாக ரசிகர்கள் வியந்து எழுதியிருப்பதில் சில, வெறும் மோட்டார் வேகம். தம்பூராவோ வயலினோ தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியெடுப்பது நல்லது. மூன்றேகால் நிமிடத்துக்குள் ஒரு கீர்த்தனையை அடக்குவதற்காக வித்வான்களே வேகமாகப் பாடியதும் உண்டு. எது பாட்டின் வேகம், எது தட்டின் வேகம் என்று பிரிப்பது காதின் வேலை.

பென் டிரைவில் போட்டுவிட்டோம். இனிக் கவலை இல்லைதானே?

கவலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பென் டிரைவ் எடுத்துப் போவதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. வீட்டில் எழுதிய டி.வி.டி.யும் அப்படித்தான், அதன் சாயப்படலம் பத்து ஆண்டு தாண்டினாலே அதிர்ஷ்டம். குறைந்தது மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். சென்னையில் வரும் ஒரே வெள்ளம் வீட்டு அலமாரியையும் பக்கத்துத் தெரு அண்ணன் வீட்டு அலமாரியையும் சேர்த்தே நனைக்கும் என்பதால் வேறு ஊர்.

வடிவமும் உண்டு. ஒலியை எம்.பி.3 ஆக எடுக்காதீர்கள். வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பது காப்பக வழக்கம்; ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 ஜி.பி. வரும். இரைச்சல் நீக்கிய நகல் கேட்பதற்கு. நீக்காத நகல் வைப்பதற்கு. இன்றைய மென்பொருள் இரைச்சலோடு சேர்த்து மிருதங்கத்தின் கும்காரத்தையும் கொஞ்சம் கொண்டுபோய்விடும். நாளை அதைவிட நல்ல மென்பொருள் வரும்போது கையில் மூலம் வேண்டுமே.

சினிமா என்றால் கணக்கு பயமுறுத்தும். 160 நிமிடப் படம் 2,30,400 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். 4கே ஸ்கேனில் ஒரு சட்டம் 51 எம்.பி. என்றால் மொத்தம் 12 டெராபைட்டை நெருங்கும். இதைப் பெரிய காப்பகங்கள் எல்.டி.ஓ. என்ற தரவு நாடாக்களில் வைக்கின்றன. அந்த நாடாவிலும் எட்டாம் தலைமுறை இயந்திரம் ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்காது. ஆகவே சில ஆண்டுகளுக்கொரு முறை எல்லாவற்றையும் புது நாடாவுக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொரு கோப்பும் ஒரு பிட் மாறாமல் வந்திருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆஸ்கர் வழங்கும் அமெரிக்க அகாடமி 2007இல் போட்ட கணக்கின்படி ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மூலத்தை வைத்திருக்க ஆண்டுக்கு 12,514 டாலர். படச்சுருளாக வைத்திருக்க 1,059 டாலர். சாதன விலை அதற்குப் பிறகு இறங்கிவிட்டது. மாற்றி எழுதும் வேலை இறங்கவில்லை.

நம்மவர்களுக்கு இது புதிதுமல்ல. ஓலை நைந்தால் புது ஓலையில் பெயர்த்து எழுதித்தான் சங்கப் பாடல் நம் கைக்கு வந்தது. ஓலைக்குத் தலைமுறைக் கணக்கில் தவணை இருந்தது. ஹார்டு டிஸ்குக்கு ஐந்தாறு ஆண்டுத் தவணை.

படியெடுத்தாயிற்றே, பழைய சுருளைக் குப்பையில் போடலாமா?

சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகின. எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாத கட்டிகள். ஆனாலும் அகாடமி அவற்றை எறியாமல் குளிரில் வைத்தது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் போலோனியாவில் உள்ள மீட்புக்கூடம் அவற்றுக்கு ஈரப்பதமூட்டி, ஒட்டிய சுற்றுகளைப் பிரித்து, ஓரத் துளைகளைக் கையால் திரும்பக் கட்டியது. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே வந்தன. 2015இல் படங்கள் மறுபடி திரைக்கு வந்தன.

1993இல் கருகிய கட்டியைப் பார்த்து யாராவது "இது எதற்கு" என்று சொல்லியிருந்தால் அது நியாயமான பேச்சாகத்தான் இருந்திருக்கும். ஆகவே எறியாதீர்கள். வைக்க இடமில்லை என்றால் கொடுங்கள்.

பழைய படத்துக்குக் கலர் பூசி, புது இசை சேர்த்து வெளியிடுகிறார்களே, அதுவும் மீட்டெடுப்புதானே?

மறுவெளியீடு. எனக்கு அதில் பகை இல்லை. 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' 2012இல் டிஜிட்டல் வடிவில் வந்து மறுபடி வெற்றி பெற்றதால்தான் பழைய நெகட்டிவுக்கும் விலை உண்டு என்று பலர் பெட்டியைத் தேடினார்கள். ஆனால் மீட்டெடுப்பு என்பது படம் அன்று எப்படி இருந்ததோ அதற்கு அருகில் கொண்டுபோவது. கீறலை நீக்கலாம், ஆட்டத்தை நிறுத்தலாம், வெளுத்த நிறத்தை ஆதாரத்தோடு திருப்பலாம். ஒளிப்பதிவாளர் கறுப்பு வெள்ளைக்கு என்று ஒளி அமைத்த காட்சியில் புடவைக்கு நாமாக நிறம் முடிவு செய்வதும், மோனோ ஒலியைப் பிரித்து ஆறு திசையில் வீசுவதும் புதுப் படைப்பு. செய்வது உரிமையாளரின் இஷ்டம். செய்யும்போது பழைய வடிவத்தின் சுத்தமான நகலையும் எடுத்து வைத்தால் நாளைக்கு யாரும் திட்டமாட்டார்கள்.

எல்லாப் பழைய படமும் யூடியூபில் இருக்கிறதே?

இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலானவை தேய்ந்த பிரதியிலிருந்து வீடியோவுக்கும், வீடியோவிலிருந்து டிவிக்கும் போய் வந்தவை. தலையும் பக்கவாட்டும் வெட்டுப்பட்டிருக்கும், மூலையில் சேனல் சின்னம், நடுவே இரண்டு பாட்டு காணாமல் போயிருக்கும். ஏற்றியவர் கணக்கு மூடினால் அதுவும் இல்லை. சில படங்களுக்கு இன்று அது ஒன்றுதான் மிச்சம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்டவற்றை ஏற்றியவருக்கு நன்றி.

எங்களிடம் இருப்பதை யாரிடம் கொடுக்கலாம்?

படச்சுருள் என்றால் புனே காப்பகம். 1964இல் தொடங்கியது, பி.கே.நாயர் ஊர் ஊராக அலைந்து கட்டி எழுப்பியது. 2022 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இருக்கிறது. நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' (1948) 2012இல் மீட்டெடுக்கப்பட்டதும் அங்கே நெகட்டிவ் இருந்ததால்தான். மும்பையில் 2014 முதல் இயங்கும் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் சுருள்களை வாங்கிப் பாதுகாக்கிறது, 2017இல் சென்னையில் பயிற்சிப் பட்டறையும் நடத்தியது. இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். படமே தொலைந்த பல பேசும் படங்களுக்குப் பாட்டுப் புத்தகம்தான் இன்று சாட்சி. ஈழத்துப் பேச்சு, நாடகம், நேர்காணல் போன்ற பதிவுகளுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற நிறுவனம். கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள்: பொருள் யாருடையது, உரிமை யாருடையது, ஆராய்ச்சியாளர் கேட்கலாமா, பொதுவில் ஏற்றலாமா. இந்தியாவில் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. பெட்டி கையில் இருப்பதால் உரிமையும் கையில் இருப்பதாக ஆகாது.

நூலுக்கு நம்மிடம் 1954இன் சட்டம் உண்டு. பதிப்பாளர் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அதே வலுவோடு படத்துக்கும் பாட்டுக்கும் ஒரு சட்டம் அன்றே இருந்திருந்தால் இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்கு வேறு பதில் எழுதியிருப்பேன்.

ஐம்பது கேசட் இருக்கிறது, ஐந்துக்குத்தான் பணம். எதை எடுப்பது?

உலகில் வேறெங்கும் இல்லாததை. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் இன்னொரு வீட்டிலும் இருக்கும். அத்தை கோலாலம்பூரிலிருந்து பேசி அனுப்பிய கேசட், ஊர்க் கோயில் கூத்து, தாத்தா சொன்ன நடவுப் பாட்டு, இவற்றுக்கு உங்கள் வீட்டுப் பிரதிதான் ஒரே பிரதி. அவற்றிலும் நாடா நிலை மோசமானது முதலில்.

அதற்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. யார், எப்போது, எங்கே என்று ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் எழுதுங்கள். ரப்பர் பேண்டும் ஸ்டேப்ளரும் வேண்டாம். கல்யாண வீடியோவைப் பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு கேசட் வந்தது. உறையில் சிவப்பு மையில் 'முக்கியம்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஓட்டினேன். ஒரு கிழவர் நாற்பது நிமிடம் நிலத் தகராறு பற்றியும், ஒரு கிணறு வெட்டியது பற்றியும் நிதானமாகப் பேசுகிறார். நடுவில் யாரோ காப்பி கொண்டுவந்து வைக்கிறார்கள். கொண்டுவந்து கொடுத்த பேரனுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய அவருடைய அப்பா அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். கோப்புக்கு 'முக்கியம்' என்றே பெயர் வைத்து மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன்.